புறாமலையில் ஒரு காலை

ஓர்ஸ் ஹில்லிலுள்ள எம் இல்லத்தினின்று வடக்கே சென்றால் நிலாவெளி. அக்கரைக்கு எதிரே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், கடல் நடுவே நிற்பது புறாமலைத் தீவு. மாடப்புறாக்கள் அதன் பாறைகளிற் கூடு கட்டி வாழ்வதால் அப்பெயர் பெற்றது. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்றது.

சென்ற விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் ஆங்குப் படகேறினேன். குன்றின் உயரம் 45 மீட்டருக்கும் உட்பட்டதே. சிறுவர் ஓடியேறினர், யான் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தேன். இறங்கி வருகையில் இளைய பேரன் கரையொதுங்கிய முருகைக்கல் ஒன்றைச் சட்டைப்பையில் இட்டான்.

“உயிரில்லாத கல்தானே, அம்மப்பா?” என்றான்.

“சிற்றுயிர்கள் நெடுங்காலம் முயன்று கட்டிய வீடு அது. நாம் நிற்கும் இக்கரையிற் பரந்து கிடப்பனவும் அத்தகைய துண்டுகளே. வருவோர் யாவரும் ஒவ்வொன்று கொண்டு சென்றால் கரை எஞ்சுமா?” என்றேன்.

அவன் கல்லை இருந்தவிடத்திலேயே வைத்தான். பின்னர், “அப்படியானால் உங்கள் மேசையில் இருக்கிறதே, அது?” என வினவினான்.

என் இளமையில் இத்தீவினின்று எடுத்துச் சென்ற கல் அது. இன்றும் என் ஏடுகளுக்குப் பாரமாய் இருப்பது. மாணாக்கர்க்கு ஒழுக்கம் உரைத்த நாவுக்கு விடை எழவில்லை.

அடுத்த முறை புறாமலைக்குச் செல்லுங்கால் என் கையில் ஒரு கல் இருக்கும், திரும்புங்கால் இராது.