பொறுப்புத் தாதி

ஒரு வார்டில் இருபது நோயாளிகளும் நான்கு தாதியரும் இருப்பதாகக் கொள்வோம். எந்த நோயாளியை யார் கவனிப்பது? ஒருவரின் நிலை திடீரென மோசமானால் யாரை அங்கே அனுப்புவது? அந்த வேலை நேரத்தில் இவற்றை முடிவு செய்பவரே பொறுப்புத் தாதி.

புதிய நோயாளிக்குக் கட்டில் ஒதுக்குதல், மருத்துவரோடும் குடும்பத்தாரோடும் பேசுதல், அனுபவம் குறைந்த தாதியருக்கு வழிகாட்டுதல் ஆகியவையும் அவருடைய கடமைகள். சிலர் இப்பொறுப்பை நிரந்தரமாக வகிப்பர். சிலர் முறைவைத்து ஏற்பர்.

இதற்காக அமெரிக்க மருத்துவமனைகள் பல கூடுதல் ஊதியம் தருகின்றன. மிச்சிகன் மாநிலத்தின் ஓக்வுட் ஹெரிட்டேஜ் மருத்துவமனையில் அத்தொகை மணிக்கு ஒன்றரை டாலராக இருந்தது. அங்குத் தாதியர் தொழிற்சங்கத்தில் இணைய முற்பட்டபோது, பொறுப்புத் தாதியர் ஊழியர்களா, மேற்பார்வையாளர்களா என்ற கேள்வி எழுந்தது. அந்நாட்டுச் சட்டப்படி, மேற்பார்வையாளர்களின் தொழிற்சங்க உரிமைக்குப் பாதுகாப்பு இல்லை.

2006ஆம் ஆண்டில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்தது. நோயாளியின் நிலையையும் தாதியின் திறனையும் சீர்தூக்கி, சுயமாக முடிவெடுத்துப் பணிகளைப் பகிர்ந்தளித்த நிரந்தரப் பொறுப்புத் தாதியர் மேற்பார்வையாளர்களே என்று அது கூறியது. முறைவைத்துப் பொறுப்பேற்றவர்கள் ஊழியர்களாகவே கருதப்பட்டனர்.

வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களுள் இருவர் இதை ஏற்கவில்லை. நிர்வாகியின் அதிகாரமும் இன்றி, ஊழியரின் உரிமையும் இன்றி ஒரு பிரிவினர் உருவாவர் என அவர்கள் எச்சரித்தனர்.

எனவே, பொறுப்பு கூடும்போது ஊதியம் மட்டும் மாறுவதில்லை, உரிமையும் மாறக்கூடும்.