தண்ணீர் இறங்கும் வழி

சனிக்கிழமை இரவு மதுரையில் கூட்டம் முடிந்தபோது மணி பத்தரை. வைகைப் பாலத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு நின்றோம். கீழே ஆறு இல்லை. மணலும் முட்செடியும்தான் இருந்தன. “இந்த ஊர் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது?” என்றார் பட்டறைத் தோழர். “போய்ப் பார்த்தால் போகிறது!” என்றார் சுமைதூக்கும் தோழர். அவ்வளவுதான் ஆலோசனை! ஐந்து சைக்கிள்கள் மேற்கே திரும்பின. திங்கட்கிழமைக் கூலி போய்விடுமே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உசிலம்பட்டிச் சாலையில் நள்ளிரவு. நம்மை நிறுத்திக் கேட்பார் யாருமில்லை. இதே வட்டாரத்தில், குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுவாள் தொங்கிய நாளில், பதிவு செய்யப்பட்ட ஆண்மகன் ராதாரிச் சீட்டின்றி ஊர் தாண்ட முடியுமா? இரவில் சொந்த வீட்டில் படுக்கத்தான் முடியுமா? கைரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசியது. மாயக்காள் என்ற தாயும் மாண்டாள். 1947இல்தான் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. டைனமோ வெளிச்சத்தில் இதைப் பேசியபடியே மிதித்தோம்.

ஆண்டிபட்டிக் கணவாயில் பேச்சு நின்றது, மூச்சுதான் கேட்டது. இறங்கித் தள்ளினோம், அதில் வெட்கமென்ன? விடிந்தபின் வைகை அணை. 1959இல், காமராசர் ஆட்சியில் திறக்கப்பட்டது. அணையைக் கண்டதும் திரும்பியிருக்கலாம். ஆனால் இந்த அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற அடுத்த கேள்வி பிறந்துவிட்டதே!

தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். இரு கைகளிலும் மலை, நடுவில் முல்லையாறு. வாய்க்காலில் நீர் ஓடுகிற சத்தம் சாலைவரை கேட்டது. 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் பள்ளத்தாக்கு இது. கம்பத்தை நெருங்கியதும் திராட்சைப் பந்தல்கள். வழியில் ஒரு டயர் வெடித்தது. பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்து ஒட்டி ஓட்டினோம். இரவு கம்பத்தில் ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் படுத்தோம். கால்கள்தான் தூங்க மறுத்தன.

திங்கள் விடியலில் லோயர் கேம்ப். மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1895இல் தண்ணீர் வந்தது. இன்று அது ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு ஆறாகிறது. கட்டிய பென்னிகுயிக்குக்கு 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். நன்றியுள்ள வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்த கூலிகளின் பெயரை எந்தக் கல்லில் தேடுவது?

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஜீப்புகள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு அல்ல, வரிசையாக! கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் நம் பக்கத்துக் கூலிப் பெண்கள். மலைச்சாலை துவங்குமிடத்தில் ஒரு ஜீப் நின்றது. எண்ணினோம்: ஓட்டுநரோடு பதினாறு பேர். பின்கதவில் இருவர் தொங்கினார்கள்.

“என்னண்ணே, சைக்கிளத் தூக்கிக்கிட்டு... சோலி ஒண்ணும் இல்லையா?” என்றார் ஒரு பெண்.

“தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்க வந்தோம்மா.”

சிரித்தார்கள். “நாங்க தெனம் பாக்குறோம்ணே!”

தண்ணீர் இறங்கி வரும் மலையிலேயே நம் தொழிலாளி வேலை தேடி ஏறிப் போகிறாள். இருபோகம் விளையும் பூமியில் நிலமில்லாதவளுக்கு ஆண்டு முழுதும் வேலை இல்லை. இந்த மலைப்பாதைகளில் ஜீப்புகள் கவிழ்ந்து உயிர்கள் போவதை ஏட்டில் படிக்கிறோம். அளவுக்கு மேல் ஏற்றியது குற்றம் என்று ஓட்டுநர்மீது வழக்கு. சரி, விடியற்காலையில் தோட்டத்து வாசல்வரை போக அவளுக்குப் பேருந்து ஏது? வண்டிச் செலவைத் தோட்ட முதலாளி ஏற்கட்டும், எல்லை தாண்டி விபத்து நேர்ந்தால் நட்டஈடு எந்த அரசு தரும் என்பதை இரு மாநிலமும் எழுதி வைக்கட்டும். இதைக் கேட்க இனியும் என்ன தயக்கம்?

காலையிலேயே புறப்பட்டிருந்தால் இருட்டுமுன் பாதித் தூரம் வந்திருப்போம். புறப்படவில்லை. கூடலூர்த் தேநீர்க் கடையில் மாலைவரை உட்கார்ந்திருந்தோம். அந்த ஜீப் இறங்கி வந்தது. பட்டறைத் தோழர் எழுந்து நின்று எண்ணினார்.

பதினாறு.

பிறகுதான் சைக்கிளை எடுத்தோம்.