உறக்கத்தில் வந்த அணங்கு

மனிதருக்கு அச்சம் எவற்றாற் பிறக்கின்றது என்ற வினாவுக்குத் தொல்காப்பியர் நான்கு விடைகள் கூறினார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அவை. முதல் மூன்றும் எளிதில் விளங்குவன. காக்க வேண்டிய தலைவரே அஞ்சத்தக்கவராவது எவ்வாறு என்பதே சிந்தனைக்குரியது. குழந்தைக்குத் தலைவர் யாவர்? பெற்றோர் அல்லவா? 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘எ நைட்மேர் ஒன் எல்ம் ஸ்ரீட்’ என்னும் திகிற்படம் இந்த நான்காவது அச்சத்தையே உயிராகக் கொண்டது. ‘எல்ம் வீதியில் ஒரு தீக்கனா’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

அக்காலத்து அமெரிக்கத் திரையில் ‘ஸ்லாஷர்’ எனப்படும் வெட்டுக்கொலைப் படங்கள் மலிந்திருந்தன. 1978இல் ஜோன் காப்பென்ரர் இயக்கிய ‘ஹலோவீன்’ அவற்றுக்கு வழிவகுத்தது. 1980இல் வந்த ‘பிறைடே த தேர்ட்டீன்த்’ அதனைச் சந்தைச் சரக்காக்கிற்று. முகமூடி அணிந்த ஒருவன், கையில் ஒரு கத்தி, ஒருவர்பின் ஒருவராக மடியும் இளைஞர்; இவ்வளவே கதை. சிகாகோ நகரத்து விமர்சகர்களான றொஜர் ஈபேட்டும் ஜீன் சிஸ்கலும் 1980இல் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை முழுமையாக ஒதுக்கி, பெண்களை இரையாக்கிக் காட்டும் இத்தகைய படங்களைக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது.

வெஸ் கிறேவனின் படம் இந்தக் கூட்டத்தினுள்ளேதான் வந்து சேர்ந்தது. கண்டிப்பான பப்ரிஸ்ற் கிறிஸ்தவக் குடும்பத்தில், திரைப்படம் பார்ப்பதற்குத் தடைசெய்யப்பட்டு வளர்ந்தவர் கிறேவன். திரைத்துறைக்கு வருமுன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பல நிறுவனங்கள் மறுத்த அவரது கதையை, றொபேட் ஷே என்பவரின் ‘நியூ லைன்’ என்ற சிறு நிறுவனம் ஏற்றது. 20 இலட்சம் டொலருக்கும் குறைந்த செலவில் ஆக்கப்பட்ட படம், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 2 கோடி 50 இலட்சம் டொலரை ஈட்டித் தந்தது.

பெற்றோர் மறைத்த பழி

கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமைதியான ஒரு சிறு நகரத்தில் நான்கு இளைஞருக்கு ஒரே கனவு வருகின்றது. எரிந்து கருகிய முகமும், விரல்தோறும் கத்தி பொருத்திய கையுறையும் கொண்ட ஒருவன் அக்கனவில் அவர்களைத் துரத்துகிறான். கனவில் அவன் வெட்டினால் நனவில் உயிர் போகின்றது. தோழி ரீனா முதலில் மடிகிறாள். நான்சி என்ற பெண் உறங்காதிருக்க முயன்றவாறே உண்மையைத் தேடுகிறாள்.

அவள் காணும் உண்மை யாது? பிரெட் குறூகர் என்னும் அவன் குழந்தைகளைக் கொன்றவன். தேடுதல் ஆணையில் உரிய கையொப்பம் இல்லாமையால் நீதிமன்றம் அவனை விடுவித்தது. ஊர்ப் பெற்றோர் ஒன்றுகூடி அவனை உயிரோடு எரித்தனர். பின்னர் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசாது வாழ்ந்தனர். பழிக்கு ஆளாவோர் அவர்களல்லர், அவர்களின் பிள்ளைகள்.

படத்தின் வன்மை இங்கேதான் உள்ளது. நான்சியின் தாய் மதுவில் தன்னை மறக்கிறாள். மகளைக் காப்பதாக எண்ணி, சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி போடுகிறாள். கொலையாளி வீட்டுக்குள் வந்தபோது அக்கம்பிகளே மகளுக்குச் சிறையாகின்றன. தந்தை பொலிஸ் அதிகாரி. அழைத்த வேளையில் வருவதாகச் சொன்னவர் வருவதில்லை. உறங்கு, உறங்கினால் எல்லாம் சரியாகும் என்பதே பெரியவர்கள் ஓயாது கூறும் அறிவுரை. பிள்ளைக்கோ உறக்கமே மரணம்.

உத்திகளிலும் கிறேவன் சிந்தனை செலுத்தினார். சிவப்பையும் பச்சையையும் அருகருகே காண்பது கண்ணுக்கு இடர் தரும் என்று ஓர் அறிவியற் சஞ்சிகையிற் படித்தே குறூகரின் மேற்சட்டைக்கு அவ்விரு நிறங்களைத் தெரிந்தார். ரீனா சுவரிலும் கூரையிலும் இழுபட்டு மடியும் காட்சிக்காக, முழு அறையையும் சுழலும் வகையிற் கட்டினர். படக்கருவி அறையோடு பொருந்தித் தானும் சுழன்றதால், பார்ப்பவருக்கு அறை அசையாதது போலவும் அவளே கூரைக்கு ஏறுவது போலவும் தோன்றியது.

விமர்சகர் கண்டதும் காணாததும்

படம் வெளிவந்த 1984 நவம்பர் 9ஆம் திகதியன்றே ‘சைலன்ற் நைற், டெட்லி நைற்’ என்ற வேறொரு படமும் வெளியாயிற்று. நத்தார்த் தாத்தா வேடத்தில் ஒருவன் கொலை செய்வதாக அதன் கதை. பெற்றோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். சில நாட்களிலேயே விளம்பரங்களை நிறுத்திய நிறுவனம், பின்னர் படத்தையும் மீட்டுக்கொண்டது. நத்தார் வேடத்தின் புனிதம் கெட்டதென்று பெற்றோர் கொதித்த அதே வாரத்தில், பெற்றோரையே குற்றக் கூண்டில் நிறுத்திய படம் பெரிய ஆரவாரமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

பத்திரிகை விமர்சனங்கள் கலப்பாகவே இருந்தன. சிலர் கற்பனையைப் பாராட்டினர். சிலர் வழமையான இரத்தப் படங்களுள் ஒன்றென ஒதுக்கினர். ஆழ்ந்த ஆய்வு பின்னரே வந்தது. 1987இல் கரல் குளோவர் என்ற பேராசிரியை, இப்படங்களின் முடிவில் தன் அறிவாலும் துணிவாலும் எஞ்சி நிற்கும் பெண்ணைச் சுட்டிக்காட்டி, அவளை ‘இறுதிப் பெண்’ எனப் பெயரிட்டார். நான்சியும் அந்த வரிசையில் இடம்பெற்றாள். 2021இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பேணிக் காக்க வேண்டிய திரைப்படங்களின் தேசியப் பதிவேட்டில் இப்படத்தைச் சேர்த்தது.

இதற்கிடையில் வணிகம் தன் வேலையைச் செய்தது. 1985 முதல் 1991 வரை ஐந்து தொடர்ச்சிப் படங்கள் வந்தன. றொபேட் இங்லண்ட் திறம்பட நடித்த குறூகர், படத்துக்குப் படம் பகடி பேசும் கோமாளியானான். 2010இல் எடுக்கப்பட்ட மறுபதிப்பை விமர்சகர் பெரும்பாலும் நிராகரித்தனர்.

திரைக்கு வராத மனிதர்

ஆயினும் இப்படத்தைப் பற்றிய பேச்சில் போதிய இடம் பெறாத ஒரு செய்தி உண்டு. கிறேவனுக்குக் கதைக்கரு கிடைத்தது, ‘லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்’ நாளிதழிற் படித்த செய்திகளிலிருந்து என்று அவரே பின்னர் கூறினார். தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த இளைஞர், நோயேதுமின்றி உறக்கத்தில் இறந்தனர் என்பது அச்செய்தி. 1977 தொடங்கி 1980களின் இறுதிவரையில் இவ்வாறு மாண்டோர் நூற்றுக்கு மேற்பட்டோர். ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். அவர்களிற் பலர் லாவோஸ் மலைநாட்டு மொங் மக்கள். அமெரிக்காவின் மறைமுகப் போரில் அதன் பக்கம் நின்று போரிட்டு, 1975இல் எல்லாம் இழந்து ஓடியவர்கள்.

நெஞ்சின்மீது ஏறி அழுத்தும் ஓர் ஆவியை மொங் மக்கள் நம்பினர். நம்மவர் அமுக்குப் பேய் என்பதுபோல. 1992இல் ஸ்பானிய மருத்துவர்களான புறுகாடா சகோதரர் விவரித்த இதயத்துடிப்புக் கோளாறே இம்மரணங்கள் பலவற்றின் காரணமாக இன்று கருதப்படுகின்றது. ஷெலி அட்லர் என்ற ஆய்வாளரோ 2011இல் வெளியிட்ட நூலில், அந்நிய மண்ணில் தம் சடங்குகளைச் செய்ய இயலாது போனவர்களின் பேரச்சமும் அதனோடு சேர்ந்திருக்கலாம் என வாதித்தார்.

படத்தில் அந்த அகதிகள் இல்லை. போர் இல்லை, கைவிட்ட வல்லரசும் இல்லை. அவர்களுடைய மரணம் மட்டும் எடுக்கப்பட்டு, வசதியான புறநகர்ப் பிள்ளைகளின் படுக்கையில் இடப்பட்டது. கலைஞன் செய்தியை மாற்றுவதற்கு உரிமையுடையவன். அதற்காகக் கிறேவனைக் குறைகூற வேண்டியதில்லை. எனினும், மூத்தோர் புதைத்த பழி இளையோரின் உறக்கத்தைக் கெடுக்கும் என்று இவ்வளவு வலிமையாகச் சொன்ன படம், தன் பிறப்புக்குக் காரணமானவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. படத்தைப் போற்றுவோர் அதன் வரலாற்றை எழுதும்போதாவது, கனவுக்கு அஞ்சி விழித்திருந்த அந்த மனிதரை முதற்பக்கத்தில் நிறுத்த வேண்டும்.