பத்துக்குப் பத்தில் ஒரு குடித்தனம்

1906 ஏப்ரல் 18 அதிகாலை நிலநடுக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆனால் அதில் சரியாமல் நின்றதில் பெரும்பகுதியைப் பின்னாலேயே கிளம்பிய தீ நாட்கணக்கில் தின்று தீர்த்தது. நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்து பூங்காக்களில் கூடாரம் போட்டார்கள். கூடாரத்தில் கோடையைத் தள்ளிவிடலாம். அந்த ஊருக்கு மழை வருவதோ குளிர்காலத்தில். எனவே செப்டம்பரில் தச்சர்கள் வேலையில் இறங்கினார்கள். சில மாதங்களுக்குள் 5,610 மரக் கொட்டகைகள் எழுந்தன. மிகச் சிறியது பத்தடிக்குப் பதினான்கு அடி. பூங்காவின் நிறத்தோடு ஒத்துப்போகட்டும் என்று எல்லாவற்றுக்கும் பச்சை வர்ணம் அடித்தார்கள்.

வாடகை மாதம் இரண்டு டாலர். ஆனால் அது வீணாகப் போகும் வாடகை இல்லை. ஐம்பது டாலர் விலைக்குத் தவணையாக வரவு வைக்கப்பட்டது. ஒரே நிபந்தனை, பூங்காவைக் காலி செய்யும்போது கொட்டகையையும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். 1907-இல் சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் குதிரைகள் வீடுகளை இழுத்துக்கொண்டு போயின. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த மனையில் ஒன்றை இறக்கி, பக்கத்தில் இன்னொன்றை ஒட்டி, நடுச்சுவரை இடித்துச் சேர்த்துக் குடும்பங்கள் மறுபடி வாழத் தொடங்கின. நான்கு கொட்டகைகளை அப்படி ஒட்டிக் கட்டிய ஒரு வீடு அந்நகரின் 24-ஆவது அவென்யூவில் இருக்கிறது. நகராட்சி அதை 1984-இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. வேறு பல, காலப்போக்கில் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையாக ஒடுங்கின.

கொட்டகை வீடாவதும், வீடு மறுபடி கொட்டகையாவதும் இப்படித்தான் நடக்கிறது. இப்போது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு குடில் போட்டு அதில் குடியேறுவது பெரிய பேச்சாகியிருக்கிறது. இதைச் ‘சின்ன வீடு’ என்று தமிழில் பெயர்த்தால் பெரிய வீட்டில் சண்டை வரும் என்பதால், கொல்லைக் குடில் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு கொட்டகை எந்தக் கணத்தில் வீடாகிறது? கதவு வைத்ததுமா, மின்விளக்குப் போட்டதுமா? பல நாட்டுச் சட்டங்கள் இதற்கு ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கின்றன: அதில் ஒருவர் படுத்துத் தூங்கும்போது. இங்கிலாந்தில் 15 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 160 சதுர அடிக்குட்பட்ட தோட்டக் கொட்டகைக்குப் பொதுவாகக் கட்டட விதிகளின் ஒப்புதல் வேண்டாம். படுக்கை வசதி இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கலிபோர்னியாவில் 120 சதுர அடி வரை சாமான் கொட்டகைக்கு அனுமதி வாங்கத் தேவையில்லை. மண்வெட்டியும் சைக்கிளும் உள்ளே இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். கட்டில் நுழைந்தால் அதிகாரியும் நுழைவார்.

நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா இங்கிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு குட்டிக் குடில் வைத்திருந்தார். வெயில் போகும் பக்கமெல்லாம் திருப்பிக்கொள்ளும்படி அது சுழலும் தளத்தின் மேல் நின்றது. பகலில் அங்கே எழுதினார். தூக்கம் பெரிய வீட்டில்தான். இன்றைய சட்டத்தின் கண்ணில் அது வெறும் ஷெட்.

தூக்கத்தின் மீது சட்டத்துக்கு ஏன் இத்தனை அக்கறை என்று தோன்றலாம். விழித்திருப்பவன் புகை வாடை வந்ததும் எழுந்து ஓடுவான். தூங்குகிறவனுக்கு அந்த வாடை எட்டாது. அதனால்தான் அமெரிக்க மாதிரிக் கட்டட விதிகள், படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஆள் ஏறித் தப்பும் அளவுக்கு ஒரு ஜன்னல் கேட்கின்றன. திறந்தால் குறைந்தது 5.7 சதுர அடி வழி கிடைக்க வேண்டும், அடிப்பாகம் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலை ஆணியடித்து மூடிவிடுகிறவர்களும், திருடனுக்குப் பயந்து கம்பி போட்டுவிடுகிறவர்களும் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனும் அதன் மேற்கே உள்ள ஸ்லோவும் சாட்சி. வாடகை எகிறிய அந்த ஊர்களில் தோட்டத்து ஷெட்டுகளையும் கார் ஷெட்டுகளையும் ரகசியமாகக் குடித்தனத்துக்கு விடும் வழக்கம் பரவியது. குடியேறியவர்கள் பெரும்பாலும் பிழைக்க வந்த வெளிநாட்டார். ஈரச் சுவர், தாறுமாறான ஒயரிங், ஒரே வாசல். 2013-இல் ஸ்லோ நகராட்சி வெப்பப் படக் கருவி பொருத்திய விமானத்தை ஊருக்கு மேல் பறக்கவிட்டது. குளிர் நாட்டில் சும்மா கிடக்கும் ஷெட் சில்லிட்டிருக்கும். ஆள் தூங்கும் ஷெட் வெதுவெதுப்பாகத் தெரியும். அப்படிச் சந்தேகத்துக்கு இடமானவை ஆயிரக்கணக்கில் படத்தில் விழுந்தன.

கலிபோர்னியா எதிர்த்திசையில் போனது. கட்டவிடாமல் தடுத்தால் திருட்டுத்தனமாகக் கட்டுவார்கள், ஒழுங்காகக் கட்ட வழிவிட்டால் வீட்டுப் பஞ்சமாவது குறையும் என்ற முடிவுக்கு அந்த மாநிலம் வந்தது. 2017-இல் நடைமுறைக்கு வந்த சட்டங்களும், அடுத்து 2020-இல் வந்தவையும் கொல்லைக் குடிலுக்குக் கதவைத் திறந்தன. விதிக்குட்பட்ட விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்திலும் பின்னாலும் நான்கடி விட்டால் போதும். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி விசாரணை நடத்தி இழுத்தடிக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்கு முன்பே, 2009-இல், 450 சதுர மீட்டர் மனையில் 60 சதுர மீட்டர் வரை துணை வீடு கட்டும் வழியை எளிதாக்கியது. பேச்சுவழக்கில் அதற்குக் ‘கிரானி ஃபிளாட்’, அதாவது பாட்டி வீடு என்று பெயர். சிட்னியின் மேற்குப் புறநகர்களான டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் வாழும் தமிழர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம். அம்மா அப்பா கூடவும் இருக்க வேண்டும், மருமகள் சமையலறையில் குறுக்கிடவும் கூடாது என்கிற பழைய சிக்கலுக்கு அது ஒரு சட்டபூர்வமான தீர்வு.

குடில் வாழ்க்கை என்றதும் எல்லோரும் தூக்கிப் பிடிக்கும் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. 1845-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்டன் குளக்கரையில், நண்பர் எமர்சனின் நிலத்தில், பத்துக்குப் பதினைந்து அடியில் ஒரு குடில் போட்டார். ரயில் பாதைத் தொழிலாளி ஒருவரின் குடிசையை 4.25 டாலருக்கு வாங்கிப் பிரித்துப் பலகை எடுத்தார். பழைய செங்கல் ஆயிரம், ஆணி, சுண்ணாம்பு என்று பைசா விடாமல் எழுதிவைத்த கணக்கில் மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். ஹார்வர்டில் படிக்கும் மாணவர் ஓர் அறைக்கு வருடத்துக்கு முப்பது டாலர் கொடுக்கிறார், அதைவிட என் வீடு மலிவு என்று குத்திக்காட்டவும் தவறவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் சேராத சில உண்டு. நிலம் நண்பருடையது. கான்கார்டு ஊர் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் நடக்கும் தூரம்; பெற்றோர் வீட்டுக்கு அடிக்கடி போய்வந்தார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கதையும் இதேதான். சண்டிகர் நகரை வரைந்த அதே கை, 1952-இல் மத்தியதரைக் கடலோரம் ரோக்புரூன் கிராமத்தில் தனக்கென்று 3.66 மீட்டர் சதுரத்தில் ஒரு மரக்குடில் போட்டது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, உயரம் 2.26 மீட்டர். கட்டில், மேசை, அலமாரி எல்லாம் அங்குலக் கணக்கில் பொருந்தின. சமையலறை மட்டும் இல்லை. காரணம், சுவரை ஒட்டியே ஒரு சாப்பாட்டுக் கடை. அதற்குள் நேரே போக ஒரு கதவையும் வைத்துக்கொண்டார். 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்தக் குடில், ஒருவகையில் ஓட்டல்காரரின் கொல்லை அறை.

சான் ஃபிரான்சிஸ்கோ கொட்டகைகளிலும் குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது. முகாமின் பொது வசதிகளைக் கொண்டுதான் காலம் ஓடியது. கூர்ந்து பார்த்தால் சிறு குடில்கள் எல்லாமே தண்ணீருக்கோ சோற்றுக்கோ கழிப்பறைக்கோ பக்கத்தில் உள்ள ஒரு பெரிய கட்டடத்தின் மேல் சாய்ந்துதான் நிற்கின்றன. நம்மூரில் வீட்டோடு ஒட்டி ஒரு பக்கமாகக் கூரை இறக்குவதைச் ‘சாய்ப்பு’ என்று சொல்வது எத்தனை பொருத்தம்! படம் பார்த்து ஆசைப்பட்டுக் குடில் போடுகிறவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். நான்கு சுவரும் கூரையும் ஒரு வாரத்து வேலை. மீதி வேலை தரைக்குக் கீழே இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். சென்னையின் பழைய பங்களாக்களின் பின்னால் வேலையாட்களுக்கென்று கட்டிய ‘அவுட் ஹவுஸ்’களில் பின்னாளில் எத்தனையோ குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. கிராமத்தில் மகனுக்குக் கல்யாணம் என்றால் கொல்லையில் ஒரு அறை எழும். ஆக, விஷயம் புதிதில்லை. எவ்வளவு சிறிதாகக் கட்டலாம் என்பதற்கு இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஓர் எல்லை வைத்திருக்கிறது: ஒரே அறை என்றால் 9.5 சதுர மீட்டர், அகலம் குறைந்தது 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர். சதுர அடியாக்கினால் 102. நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘பத்துக்குப் பத்து’தான்! சமையலறைக்கு 5 சதுர மீட்டர், குளியலறைக்கு 1.8, கழிப்பறைக்கு 1.1.

அளவு சரியாக அமைந்தாலும், எதிரி வெயில். தகர ஷீட் சித்திரை மாதத்தில் அடுப்பு மூடியைப் போலக் கொதிக்கும். சுவர் எத்தனை நல்லதாக இருந்தாலும் சூடு தலைமேல் இறங்கும். ஷீட்டுக்கு அடியில் அரையடியாவது இடைவெளி விட்டு ஒரு பொய்க்கூரை, அந்த இடைவெளிக்குள் காற்று புகுந்து வெளியேற இரண்டு பக்கமும் வழி, மேலே வெள்ளைப் பூச்சு. இந்த மூன்றும் சேர்ந்தால் அறை குடியிருக்கத் தக்கதாகிறது. நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் இன்னும் நன்றாகவே தாங்கும், விலையும் அதற்கேற்ப. கீற்று வேய்ந்தால் குளுமைக்குக் குறைவில்லை, நெருப்புப் பயம்தான். 2004-இல் கும்பகோணம் பள்ளியில் நடந்த தீ விபத்தை மறந்துவிட்டு யாரும் கீற்றுக்கூரையின் அடியில் அடுப்பு வைக்கக் கூடாது. ஏற்கெனவே கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுத்துத் துளைபோட்டுப் பயன்படுத்துவது அதைவிடக் கெட்ட யோசனை. அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம். ஆஸ்திரேலியா அதை 2003 கடைசி நாளோடு முழுக்கத் தடை செய்துவிட்டது.

குளிர்ப் பிரதேசத்தில் தொல்லை வேறு. ஊட்டியிலோ ஏற்காட்டிலோ மூடிய தகர அறையில் இரண்டு பேர் தூங்கினால், விடியும்போது கூரையிலிருந்து நீர் சொட்டும். ஓட்டை எங்கே என்று ஏணி போட்டுத் தேடுவார்கள். ஓட்டை எங்கும் இருக்காது. அது அவர்கள் மூச்சு. தூங்கும் ஓர் ஆள் ஓர் இரவில் கால் லிட்டருக்கு மேல் ஈரத்தைக் காற்றில் விடுகிறார். சில்லிட்ட தகரத்தில் பட்டதும் அது தண்ணீராகிறது. கதகதப்புக்காக உள்ளே கரியடுப்பை மூட்டிவிட்டுக் கதவைச் சாத்துவது தற்கொலைக்குச் சமம். கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

செலவைக் குறைக்க வழி தேடுகிறவர்கள் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரிடம் பாடம் கேட்கலாம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து கேரளம் முழுக்கக் கட்டிய அவர், செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுவருக்குள் வெற்றிடம் விடும் ‘எலிப்பொறி’க் கட்டைப் பரப்பினார். செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம்; உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். தளம் போடும்போது கான்கிரீட் வேலை செய்யாத இடத்தில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமென்ட்டை மிச்சம் பிடித்தார். பத்துக்குப் பத்து அறைக்கு இதெல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி.

எது எப்படியோ, தரையைத் தெரு மட்டத்துக்கு மேல் ஒன்றரை இரண்டு அடியாவது உயர்த்தாமல் விடக் கூடாது. கொல்லைதான் மனையிலேயே பள்ளமான இடம். முன்வீட்டுக் கூரைத் தண்ணீரும் அங்கேதான் வரும். ஐப்பசி அடைமழையில் பாயை நனைக்கும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே இருக்கும் குடித்தனங்கள் பெரும்பாலும் கூரையால் அல்ல, அடித்தளத்தால் கெட்டவை.

அனுமதி விஷயத்தில் ‘பின்னாடிதானே, யார் பார்க்கப் போகிறார்கள்’ என்ற நம்பிக்கை இங்கே அதிகம். வீட்டைச் சுற்றி விடச் சொன்ன இடைவெளி காற்றுக்கும் தீயணைப்புக்கும் விட்ட வழி; அதில் அறை எழுப்பினால் வரைபடத்தை மீறியதாகிவிடும். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியாக அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்திருக்கும்போது, சேர்த்துக் கட்டுவதையும் வரைபடத்தில் காட்டிவிடுவது நல்லது. பின்னால் வீட்டை விற்கும்போதோ வங்கியில் கடன் கேட்கும்போதோ முதலில் கண்ணில் படுவது அந்தக் கொல்லை அறையாகத்தான் இருக்கும்.

கொல்லையில் குடில் போடும் எண்ணமிருந்தால், ஷீட்டுக்கு விலை விசாரிக்கக் கடைக்குப் போகுமுன் மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கழிப்பறைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், அதற்கு வாட்டம் இருக்கிறதா? அவர் கையை நீட்டி வழி காட்டினால் மேலே பேசுங்கள். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால் மேஸ்திரியை மாற்றுங்கள்.