நடுக்கடலில் ஒரு பறவைக் கணக்கு

2019-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி. ஸ்காட்லாந்துக்கு வடக்கே நடுக்கடலில் இருக்கும் ஃபேர் தீவில் பெருந்தீ! அங்கிருந்த பறவை ஆராய்ச்சி நிலையம் எரிந்து சாம்பலாயிற்று. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் எழுபது ஆண்டுகளாகச் சேர்த்த பறவைக் கணக்கு என்ன ஆயிற்று?

அது என்ன கணக்கு?

கைதியின் கனவு

ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் ஸ்காட்லாந்துக்காரர். இரண்டாம் உலகப் போரில், 1941-ல், கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். கைதி முகாமில் அடைபட்டுக் கிடந்தபோதுதான், ஃபேர் தீவில் பறவை நிலையம் அமைக்கத் திட்டம் போட்டார். உடல் நலம் கெட்டதால் 1943-ல் விடுதலை கிடைத்தது. கப்பலில் ஊர் திரும்பும்போது அவர் கண்ணில் முதலில் பட்ட தாய்நாட்டு மண் எது தெரியுமா? அதே ஃபேர் தீவு!

1947-ல் தீவையே விலைக்கு வாங்கிவிட்டார். மறு ஆண்டு, கடற்படை விட்டுச்சென்ற கொட்டகைகளில் நிலையம் தொடங்கியது.

குழம்புக்கு அல்ல!

தீவில் மரங்கள் மிகக் குறைவு. கடல் தாண்டிக் களைத்து வரும் குருவிகள் கல்சுவர் ஓரத்திலும் ஓடைப் பள்ளத்திலும் ஒதுங்கும். அங்கேதான் கம்பிவலைக் கூண்டுகளை அமைத்திருக்கிறார்கள். வாய் அகலம், போகப் போக ஒடுக்கம், கடைசியில் ஒரு பெட்டி.

ஊழியர்கள் பறவைகளை மெல்ல உள்ளே ஓட்டுவார்கள். பிடிப்பது குழம்பு வைக்க அல்ல! காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, சிறகை அளந்து, எடை போட்டுப் பறக்க விட்டுவிடுவார்கள். வேறு நாட்டில் யாராவது அந்த வளையத்தைக் கண்டு எழுதினால், பறவை எங்கே போயிற்று என்பது தெரிந்துவிடும்.

கோல்டுகிரெஸ்ட் என்ற குருவியின் எடை 5, 6 கிராம்தான். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரை! அது வட கடலைத் தாண்டி வருகிறது.

இரவில் ஆஜர்

பகலெல்லாம் காற்றிலும் மழையிலும் சுற்றியவர்கள் இரவில் ஒன்றுகூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல் ஒவ்வொரு பறவையின் பெயராக வாசிக்கப்படும். தங்க வந்த விருந்தாளிகளும் தாங்கள் கண்டதைச் சொல்லலாம். எண்ணிக்கை பதிவேட்டில் ஏறும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். கிட்டிவேக் என்ற கடற்பறவை இத்தீவில் முன்பு ஆயிரக்கணக்கில் கூடு கட்டியது. 1980-களுக்குப் பிறகு அது மளமளவென்று குறைந்தது. குஞ்சுகளுக்கு ஊட்டும் சிறு மீன்கள் கடலில் அருகியதே முக்கியக் காரணம். ஆண்டுதோறும் எண்ணியிராவிட்டால் இந்தச் சரிவு எவ்வளவு என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

நல்ல வேளை! பதிவேடுகளின் பிரதிகள் கணிப்பொறியில் ஏறியிருந்தன. கணக்கு தப்பியது. கட்டடம் போன அந்த ஆண்டிலும் கடற்பறவைகளை எண்ணும் வேலை நிற்கவில்லை. புதிய கட்டடம் அதற்குப் பிறகுதான் எழும்பியது.