பிட்காயினுக்கு ஒரு பூட்டு: ஹார்டுவேர் வாலட் வாங்குவதும் பயன்படுத்துவதும்

"பிட்காயின் வாங்கிவிட்டேன், அதை எங்கே வைப்பது?" என்று கேட்டு வாசகர்கள் சிலர் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள். மொபைலில் ஒரு ஆப் மூலம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவர்கள். கிரிப்டோ நாணயம் வாங்கலாமா, வேண்டாமா என்பதற்குள் நான் போகப் போவதில்லை. உங்கள் பணம், உங்கள் முடிவு. வாங்கியாகிவிட்டது என்றால் அதை எப்படிப் பாதுகாப்பது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

எக்ஸ்சேஞ்சில் வாங்கி அங்கேயே விட்டு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்களிடம் இருப்பது பிட்காயின் அல்ல, "உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று அந்த நிறுவனம் எழுதி வைத்திருக்கும் கணக்கு. 2014-ல் ஜப்பானில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச், 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்று கையை விரித்தது. பிறகு அதில் 2 லட்சம் மட்டும் கிடைத்தது. நம் நாட்டிலேயே 2024 ஜூலை 18 அன்று வசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது. வாடிக்கையாளர்கள் தங்கள் காயின்களை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அந்த விவகாரத்தில் தொடரப்பட்ட ஒரு வழக்கில்தான், கிரிப்டோ நாணயமும் ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் வழக்குப் போட வேண்டிய நிலையே வராமல் இருந்தால் இன்னும் நல்லது அல்லவா?

அதற்கான கருவிதான் ஹார்டுவேர் வாலட். பார்ப்பதற்குப் பென் டிரைவ் போல இருக்கும். சின்னத் திரை, இரண்டு பட்டன்கள், யு.எஸ்.பி. கேபிள். அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் துடைத்துவிடலாம். இந்தக் கருவிக்குள் பிட்காயின் இல்லை! பிட்காயின் கணக்கு முழுவதும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில், உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அந்தப் பேரேட்டில் "என் காயினை இன்னாருக்கு மாற்று" என்று உத்தரவு போட ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் ரகசியச் சாவி மட்டும்தான் கருவிக்குள் இருக்கிறது.

சார்பதிவாளர் அலுவலக முத்திரையை ஒரு இரும்புப் பெட்டிக்குள் நிரந்தரமாக வைத்துப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒரு சிறு துவாரம். அதன் வழியே பத்திரத்தை உள்ளே விட்டால் முத்திரை குத்தி வெளியே வரும். முத்திரை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே வராது. ஹார்டுவேர் வாலட் இதே வேலையைத்தான் செய்கிறது. கம்ப்யூட்டர், "இந்த முகவரிக்கு இவ்வளவு அனுப்பு" என்ற விவரத்தை யு.எஸ்.பி. வழியே உள்ளே அனுப்பும். கருவியின் திரையில் அந்த விவரம் தெரியும். நீங்கள் பட்டனை அழுத்தினால் கையெழுத்துப் போட்டு வெளியே தரும். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவி அதன் கைக்குப் போகாது.

சாவிதான் போகாது. ஏமாற்று வேலை நடக்காது என்று சொல்லவில்லை. கிளிப்போர்டைக் கண்காணிக்கும் வைரஸ்கள் இருக்கின்றன. நீங்கள் ஒரு பிட்காயின் முகவரியைக் காப்பி செய்து பேஸ்ட் செய்தால், நடுவில் திருடனின் முகவரியை மாற்றி வைத்துவிடும். bc1 என்று தொடங்கும் நீளமான எழுத்துக் கோவையில் எது மாறியது என்று யாருக்குத் தெரியும்? எனவே மானிட்டரில் தெரிவதை நம்பாதீர்கள். கருவியின் சின்னத் திரையில் தெரியும் முகவரியை, அனுப்பச் சொன்னவர் கொடுத்த முகவரியோடு முழுவதுமாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெறும்போதும் அப்படியே. உங்கள் முகவரியைக் கருவியின் திரையில் வரவழைத்துச் சரிபார்த்த பிறகே மற்றவருக்குக் கொடுங்கள்.

எதை வாங்கலாம்?

சந்தையில் பல கம்பெனிகள் உள்ளன. செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள சடோஷி லேப்ஸ் 2014-ல் வெளியிட்ட ட்ரெஸர்தான் முன்னோடி. பிரான்ஸ் நாட்டின் லெட்ஜர் இன்னொன்று. சுவிட்சர்லாந்தின் பிட்பாக்ஸ், கனடாவின் கோல்டுகார்டு ஆகியவையும் உண்டு. கோல்டுகார்டு பிட்காயினுக்கு மட்டுமானது, கற்றுக்கொள்ளச் சற்றுக் கடினம். புதியவர்கள் அதை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்.

தொடக்கநிலையில் போட்டி ட்ரெஸர் சேஃப் 3, லெட்ஜர் நானோ எஸ் பிளஸ் ஆகிய இரண்டுக்கும்தான். இரண்டும் வெளியானபோது விலை 79 டாலர். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரி தனி. ட்ரெஸரின் சாப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். லெட்ஜர் கருவிக்குள் ஓடும் சாப்ட்வேர் அப்படி முழுவதும் திறந்தது அல்ல. 2023 மே மாதம், சாவியை மூன்று துண்டுகளாக்கி மூன்று நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் ஒரு கட்டணச் சேவையை லெட்ஜர் அறிவித்தது. விரும்பினால் மட்டும் சேரலாம் என்று சொன்னாலும், "சாவி வெளியே வரவே வராது என்றீர்களே?" என்று பயனாளர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான் என்பது என் கருத்து. லெட்ஜர் மோசமான கருவி அல்ல. ஆனால் நான் ட்ரெஸர் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

உங்களிடம் ஐந்தாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குத்தான் காயின் இருக்கிறது என்றால் இது எதுவும் வேண்டாம். பூட்டின் விலை பெட்டியில் உள்ள பணத்தை நெருங்கக் கூடாது.

எங்கே வாங்கக் கூடாது?

மாடலைவிட இது முக்கியம். பழைய கருவியோ, பாதி விலையில் கிடைக்கும் கருவியோ, பெயர் தெரியாத விற்பனையாளரிடம் கிடைப்பதோ எதுவும் வேண்டாம். கம்பெனியின் வெப்சைட்டில் வாங்குங்கள். அல்லது அந்த வெப்சைட்டில் பட்டியலிட்டிருக்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

2023-ல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு போலி ட்ரெஸர் மாடல் டி-யைப் பிரித்துப் பார்த்தது. பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் அசல் போலவே இருந்தன. உள்ளே சிப்பை மாற்றியிருந்தார்கள். புதிய சாவியை உருவாக்குவது போல நடித்து, திருடனுக்கு முன்பே தெரிந்த 20 சாவிகளில் ஒன்றைக் கொடுக்கும்படி செய்திருந்தார்கள். வாங்கியவருக்கு 1.33 பிட்காயின் போயிற்று. இன்னொரு தந்திரம் இதைவிட எளிது. பெட்டிக்குள் ரெகவரி சொற்களை முன்பே அச்சிட்டு, லாட்டரி சீட்டு போலச் சுரண்டிப் பார்க்கும் கார்டாக வைத்து விற்பது. சொற்கள் எழுதப்பட்ட காகிதம் பெட்டியில் இருந்தால், அந்தக் கருவியைத் தொடாதீர்கள். சொற்களைக் கருவிதான் உங்கள் கண் முன்னால் உருவாக்கித் தர வேண்டும்.

சாப்ட்வேரிலும் கவனம் வேண்டும். 2023 நவம்பரில் மைக்ரோசாப்ட் ஸ்டோரிலேயே போலி லெட்ஜர் லைவ் புகுந்துவிட்டது. நம்பி இறக்கியவர்கள் இழந்தது ஏறத்தாழ 6 லட்சம் டாலர். தேடுபொறியில் தேடி, மேலே வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்யாதீர்கள். பெட்டியோடு வரும் கையேட்டில் உள்ள முகவரியை நீங்களே டைப் செய்து டவுன்லோட் செய்யுங்கள்.

ரெகவரி சொற்கள்

கேபிளைச் செருகி, ட்ரெஸர் சூட் சாப்ட்வேரைத் திறந்தால் முதலில் கருவி அசலானதா என்று சோதிக்கும். ட்ரெஸர் கருவிகள் ஃபர்ம்வேர் இல்லாமலே வருகின்றன. அதை இன்ஸ்டால் செய்யச் சொல்லும். செய்யுங்கள். பிறகு புதிய வாலட் உருவாக்கச் சொன்னால், கருவியின் திரையில் ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். லெட்ஜரில் 24 சொற்கள். ட்ரெஸர் சேஃப் 3 வழக்கமாக 20 சொற்கள் தரும். 12 அல்லது 24 வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். நான் 12 சொற்களையே தேர்ந்தெடுப்பேன். நாளை ட்ரெஸர் கம்பெனி மூடப்பட்டாலும் அதே 12 சொற்களை வேறு கம்பெனிக் கருவியில் கொடுத்து வாலட்டை மீட்கலாம். 20 சொல் முறையை ஏற்கும் கருவிகள் குறைவு.

12 சொல் போதுமா என்று சந்தேகம் வரும். சொற்கள் 2048 கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருகின்றன. abandon முதல் சொல், zoo கடைசிச் சொல். அதிலிருந்து 12 சொற்களில் அமையக்கூடிய வாலட்களின் எண்ணிக்கை 39 இலக்க எண். ஒவ்வொன்றாக முயன்று பார்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. பட்டியலில் தமிழ்ச் சொற்கள் இல்லை என்பதால் ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் எழுத்துப் பிழை வராமல் நிதானமாக எழுத வேண்டும். முதல் நான்கு எழுத்து சரியாக இருந்தால் போதும், அதை வைத்தே சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தச் சொற்கள்தான் உங்கள் பணம். கருவி அல்ல. கருவி உடைந்தால், தொலைந்தால் புதியது வாங்கிச் சொற்களைக் கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். சொற்கள் தொலைந்து, கருவியும் கெட்டால் யாரும் மீட்டுத் தர முடியாது. பிட்காயினுக்குத் தலைமை அலுவலகமோ வாடிக்கையாளர் சேவையோ கிடையாது.

ஆகவே பேனாவால் காகிதத்தில் எழுதுங்கள். மொபைலில் போட்டோ எடுக்காதீர்கள்! போட்டோ தானாகவே இன்டர்நெட்டுக்கு ஏறிவிடும். 2025 பிப்ரவரியில் ஸ்பார்க்கேட் என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. கூகுள், ஆப்பிள் ஸ்டோர்களில் இருந்த ஆப்களுக்குள் ஒளிந்து, போனில் உள்ள படங்களைப் படித்து இந்தச் சொற்களைத் தேடுவதுதான் அதன் வேலை. வேர்டு ஃபைல், இ-மெயில், வாட்ஸ்அப் எதிலும் வேண்டாம். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி பேங்க் லாக்கரில் என்று வைக்கலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டில் இருந்த பத்திரங்களும் சான்றிதழ்களும் கூழாகிப் போனதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சொற்களைப் பொறித்து வைக்கும் எஃகுத் தகடுகள் கிடைக்கின்றன. தொகை பெரிது என்றால் வாங்கலாம்.

பின் நம்பரும் போடச் சொல்லும். பிறந்த வருடம் வேண்டாம். லெட்ஜரில் மூன்று முறை தவறாகப் போட்டால் கருவி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். பயப்படாதீர்கள், சொற்கள் இருந்தால் மீட்டுவிடலாம். "பாஸ்பிரேஸ்" என்று இன்னொரு வசதியும் கண்ணில் படும். அதைத் தவறாக டைப் செய்தால் "தவறு" என்று சொல்லாது. காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். பழகும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது ஒரு சோதனை. எக்ஸ்சேஞ்சிலிருந்து மிகச் சிறிய தொகையை மட்டும் உங்கள் புதிய முகவரிக்கு அனுப்புங்கள். வந்துவிட்டதா? சரி, கருவியை வேண்டுமென்றே முழுவதும் அழித்துவிடுங்கள்! பிறகு காகிதத்தைப் பார்த்துச் சொற்களைக் கருவியிலேயே கொடுத்து மீட்டுப் பாருங்கள். அந்தச் சிறு தொகை திரும்பத் தெரிந்தால் நீங்கள் எழுதியது சரி. மீதியை அனுப்பலாம். அரை மணி நேர வேலைதான். எக்ஸ்சேஞ்ச் கணக்கை மூடும் முன் வாங்கிய விவரங்களையெல்லாம் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு, வாங்கிய விலைக்கு ஆதாரம் வேண்டும்.

தபாலிலும் வருவார்கள்

2020-ல் லெட்ஜர் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியல் திருடு போனது. கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் இன்டர்நெட்டில் கொட்டப்பட்டன. அதன் பிறகு சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது, "பழையது பாதுகாப்பில்லை, இதற்கு மாறுங்கள்" என்ற கடிதத்துடன். உங்கள் 12 சொற்களைக் கேட்டு இ-மெயில், போன், கடிதம் எது வந்தாலும் அது திருட்டு. கருவியின் திரையைத் தவிர வேறெங்கும், கம்ப்யூட்டர் கீபோர்டில்கூட, சொற்களைக் கொடுக்க வேண்டியதில்லை.

திரையில் புரியாத எழுத்துக் குவியல் வந்தால் பட்டனை அழுத்தாதீர்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் திருடப்பட்டது இப்படித்தான். அங்கே ஒப்புதல் கொடுத்தவர்களிடமும் ஹார்டுவேர் வாலட் இருந்தது. மானிட்டரில் சரியாகத் தெரிந்ததை நம்பி, கருவியில் வந்ததைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் யாருக்குத் தெரியும்?

திருச்சியில் இருக்கும் என் நண்பர் ஓய்வு பெற்ற ஆசிரியர். சர்க்கரை நோய், இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசம். அவருக்குக் கருவியை அமைத்துக் கொடுத்தபோது, "சார், நீங்கள் இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. எஃப்.டி. ரசீது என்றால் பேங்கில் நாமினி உண்டு. இதற்கு அப்படி எதுவும் இல்லை.

இரண்டு தாளில் தமிழில் எழுதி வைத்தோம். இது என்ன, கருவி எந்த டிராயரில், சொற்கள் எந்த லாக்கரில், எந்த சாப்ட்வேரில் திறக்க வேண்டும், யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது என்று. சொற்களை மட்டும் அந்தத் தாளில் எழுதவில்லை. பின் நம்பரையும் எழுதவில்லை, சொற்கள் இருந்தால் அது தேவைப்படாது. லாக்கர் ஏற்கெனவே கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தது வசதியாகப் போயிற்று. பிறகு அவர் மனைவியை உட்கார வைத்து, அந்தத் தாளை மட்டும் பார்த்துக் கருவியைத் திறக்கச் சொன்னோம். மூன்று இடங்களில் தடுமாறினார். "யு.எஸ்.பி. என்றால் இந்தச் சின்ன ஓட்டையா, பெரிய ஓட்டையா அண்ணா?" என்று கேட்டார். அந்த மூன்று இடங்களிலும் தாளைத் திருத்தி எழுதினோம், ஓட்டைக்குப் படமும் வரைந்தோம்.