பிள்ளையின் பிணத்தை வரைந்த தகப்பன்

பிள்ளை செத்துக் கிடக்கிறது. தாய் தலைமாட்டில் அழுதுகொண்டிருக்கிறாள். தகப்பனும் அழுகிறான். ஆனால் அவன் கண் அந்த வெளிறிய முகத்தை விட்டு அகலவில்லை. கடைசியில் எழுந்துபோய் ஒரு சிறிய கித்தானைக் கொண்டுவந்து வரைய உட்கார்ந்துவிடுகிறான். தூரிகை ஓட ஓட அழுகை நின்றுபோகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் எமீல் ஸோலா 1886-இல் வெளியிட்ட நாவலில் வரும் காட்சி இது. 'தி மாஸ்டர்பீஸ்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. பாரிஸில் பெயரெடுக்கப் போராடித் தோற்கும் குளோத் லாந்தியே என்ற ஓவியனின் கதை.

அந்தக் காலத்துப் பாரிஸில் ஓவியன் பிழைப்பதற்கு ஒரே வாசல்தான் இருந்தது: 'சலோன்' என்ற அரசுக் கண்காட்சி. அதன் நடுவர் குழு ஏற்றுக்கொண்ட படத்துக்கே விலை கிடைக்கும். தள்ளிவிட்ட படத்தை வாங்க ஆள் வருவது அரிது. 1863-இல் ஆயிரக்கணக்கான படங்கள் தள்ளப்பட்டன. ஓவியர்கள் கொதித்தெழ, நிராகரிக்கப்பட்ட படங்களைத் தனியாகக் காட்சிக்கு வைக்கச் சொன்னார் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். எதுவார் மனேயின் 'புல்வெளியில் விருந்து' படத்தின் முன்னால் பாரிஸ் நின்று சிரித்தது அங்கேதான். நாவலில் குளோதின் முதல் பெரிய படத்துக்கும் அதே சிரிப்புதான் கிடைக்கிறது.

ஸோலாவுக்கு இந்த உலகம் அந்நியமானதல்ல. பாரிஸுக்கு வந்த புதிதில் அவரே வறுமையில் உழன்றவர். 1866-இல் பத்திரிகையில் மனேவுக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதியவர். ஓவியர் பால் செசான் அவருடைய பள்ளித் தோழர். அதனால், குளோத் என்பது செசான்தான் என்று பலரும் முடிவுகட்டினார்கள். நூலைப் பெற்றுக்கொண்டதும் நன்றி சொல்லி ஒரு சிறு கடிதம் எழுதிய செசான், அதோடு நட்பை முறித்துக்கொண்டார் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. ஆனால் 1887 நவம்பரில் அவர் ஸோலாவுக்கு எழுதிய இன்னொரு கடிதம் பின்னாளில் வெளிச்சத்துக்கு வந்து அந்தக் கதையை ஆட்டம்காண வைத்துவிட்டது.

செசானின் சாயல் இல்லாமலில்லை. இறந்த பிள்ளையின் படம் சலோனுக்குள் நுழைவது தகுதியால் அல்ல. நடுவர் குழுவில் இருக்கும் பழைய நண்பன் ஒருவன் தன் சலுகையைப் பயன்படுத்தி, இரக்கப்பட்டு உள்ளே விடுகிறான். 1882-இல் செசானின் படம் ஒன்று அப்படித்தான், நண்பர் கியமேயின் மாணவர் என்ற பெயரில் நுழைந்தது. நாவலில் அந்தப் படத்தை எட்டாத உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். தகப்பன் அரங்கு அரங்காகத் தேடி அலைந்துதான் அதைக் கண்டுபிடிக்கிறான்.

யாருடைய கதை இது என்று துப்பறிவதிலேயே நின்றுவிட்டால் நாவலின் உயிர் கைக்குச் சிக்காது. அந்த உயிர் கிறிஸ்தீன். மழை கொட்டும் ஓர் இரவில் குளோதின் வாசலில் ஒதுங்கியவள், பிறகு அவன் மனைவியாகிறாள். குளிரிலும் பட்டினியிலும் ஆடையின்றி மணிக்கணக்கில் அவன் முன் அசையாமல் நிற்கிறாள். அவன் பார்ப்பதோ கித்தானிலிருக்கும் பெண்ணை மட்டுமே. கையிருப்பு கரைகிறது, பிள்ளை கவனிப்பாரில்லாமல் வளர்ந்து சாகிறது. கலைஞனின் தியாகத்தைப் பாடும் புத்தகங்கள் ஏராளம். அந்தத் தியாகத்துக்கு உண்மையில் விலை கொடுப்பவர் யார் என்று இத்தனை நேர்மையாகக் கணக்குப் பார்த்த நாவல்கள் மிகச் சில.

முடிவுறாத பெரும்படத்தின் எதிரிலேயே குளோத் தூக்கிட்டுக்கொள்கிறான். அவனை அடக்கம் செய்யும் இடத்தில் இறுதிவரை நிற்பவர்கள் எழுத்தாள நண்பன் சாந்தோஸும் மூத்த ஓவியர் போங்கிராந்தும்தான். கிறிஸ்தீன் அங்கே இல்லை. மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள்.